சரோஜா அக்கா என்னை நடக்க விடவில்லை

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதை நான் பழமொழியாகக் கற்கவில்லை, உத்தியோகத்தில் கற்றேன். ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் பர்சேஸ் பிரிவில் எனக்கு வேலை. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் பிரிவுக்கு வந்து பார்த்தால் உலகத்தில் அன்புக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். இனிப்புப் பெட்டி, காலண்டர், "மேடம், பாப்பா எப்படிப் படிக்கிறாள்?" என்ற விசாரிப்பு. பாப்பாவை விசாரிக்கிறவனின் சரக்கைத்தான் இரண்டு தடவை சோதிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் எழுதப்படாத விதி. அதனால் யாராவது காரணமில்லாமல் நல்லது செய்தால் எனக்கு முதலில் வருவது நன்றி அல்ல, சந்தேகம்தான்.

இந்தக் குணத்தோடு ஒருத்தி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் என்ன ஆகும் என்பதை எழுதுகிறேன். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் படிக்கட்டும். அவர்களைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளப் போகிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

மகள் பிறந்த பிறகுதான் எனக்கு இடது காலில் அது ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும். கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சாயங்காலம் அடுப்படியில் மறுபடி நின்றால் கெண்டைக்கால் கல்லாகக் கனக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. அரிப்பு வந்தது. கடைசியில் ஒரு சின்னப் புண் வந்து, ஆறவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. காலனி டிஸ்பென்சரி டாக்டர் களிம்பு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கம்பெனி பேனலில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அது அமீர்பேட் பக்கம், மரங்களுக்கு நடுவே அமைதியாக இருந்த ஆஸ்பத்திரி. இன்றைய அமீர்பேட்டைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அங்கே சர்ஜன் ஒரு தெலுங்குக்காரர். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் நரம்பே அல்ல, ரத்தக்குழாய் என்று ஆரம்பித்தார். நான் பர்சேஸ் பிரிவு என்று தெரிந்ததும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

"நான்-ரிட்டர்ன் வால்வு வாங்குவீர்கள் இல்லையா? தண்ணீர் மேலே போகும், கீழே திரும்பாது. உங்கள் காலில் உள்ள குழாய்களிலும் அப்படி வால்வு இருக்கிறது. அது கெட்டுப்போயிருக்கிறது. மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறது."

என் அம்மாவுக்கும் இதே கால். அம்மா வழி சப்ளை மட்டச் சரக்கு என்று புரிந்துகொண்டேன்.

தொடையிடுக்கில் ஒரு கீறல், கணுக்காலில் ஒரு கீறல். கெட்டுப்போன குழாயை அப்படியே உருவி எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். உள்ளே ஆழத்தில் பெரிய குழாய் இருக்கிறது, அதுதான் மெயின் ரோடு, நாம் எடுப்பது வெறும் சந்து என்றார்.

"அந்த மெயின் ரோட்டில் அடைப்பு வந்தால்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வராமல் பார்த்துக்கொள்வோம். ஆபரேஷன் ஆன மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான் மேடம்' என்று ஒரு சப்ளையர் சொன்னால், சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, இ.சி.ஜி. என்று அவர் எழுதிக்கொண்டே போனதையும் நான் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. காலில் வியாதி, நெஞ்சுக்கு எதற்குப் படம்? கம்பெனி கட்டுகிற பில் என்றால் தலையில் பேனையும் எண்ணச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பாதுகாப்புத் துறையின் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்றால்கூட யோசித்துத்தான் சொல்வார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சரோஜா அக்கா வந்து இறங்கினார்.

இவர் என் கணவரின் அக்கா. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் அவர்களுடையது. பேச்சில் பாதி உருது: வேண்டாம் என்றால் நக்கோ, ஏன் என்றால் கைக்கு, ஆமாம் என்றால் ஹவ். அக்காவை லாலாகுடாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸ். எனக்குக் கல்யாணமான நாளாக அக்கா என் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. பெண் பார்க்க வந்தபோதே, "வேலைக்குப் போற பொண்ணு, வளையாது," என்று என் காதுபடச் சொன்னவர். அப்படிப்பட்டவர் துணிப்பையும் பிளாஸ்க்குமாக ஆஸ்பத்திரி அறையில் வந்து நின்றார்.

"நீ ஆபீசுக்குப் போடா. லீவு எல்லாம் நக்கோ. வசந்தாவை நான் பாத்துக்கறேன்," என்று தம்பியை அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போதே மணி அடித்தது. அக்காவின் கணவர் அந்த வருடம் ரிட்டயர் ஆகப்போகிறார். ரிட்டயர் ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் இருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ். அது என் பெயரில் அலாட் ஆனது. தீபாவளி வருவதற்கு முன்பே இனிப்புப் பெட்டி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் நடந்தது. வலி தெரியவில்லை. யாரோ பக்கத்து அறையில் என் காலைக் கழற்றி ரிப்பேர் பார்ப்பதுபோல் இருந்தது. வெளியே வந்தபோது பாதத்திலிருந்து தொடைவரை கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தார்கள். மரப்பு விலகியதும்தான் சந்து என்று அவர் லேசாகச் சொன்னது எவ்வளவு நீளமான சந்து என்று தெரிந்தது.

மறுநாள் காலை ஏலியம்மா சிஸ்டர் வந்தார். கேரளத்துக்காரர், குரலில் ராணுவம். "எழுந்திரிக்கணும். கொஞ்சம் கொஞ்சமாய் நாள் முழுக்க நடக்கணும். சும்மா நிக்கக் கூடாது, காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. நடக்கணும், இல்லேன்னா படுத்துட்டுப் பாதத்தை ஆட்டணும். தண்ணி நல்லா குடிக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் ஒரு காலைக் கீழே வைத்தேன். தொடையிடுக்கில் சுரீர் என்றது. அதற்குள் அக்கா வந்து காலைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றிவிட்டார்.

"நக்கோ வசந்தா, நக்கோ! அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. தையல் உனக்கில்ல?"

"நடக்கச் சொல்றாங்களே அக்கா."

"கைக்கு நடக்கணும்? பச்சைப் புண்ணு. நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

முழங்காலுக்கு அடியில் தலையணை ஒன்றை மடித்து வைத்தார். சுகமாக இருந்தது. தாகம் என்றால் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறமாதிரி இரண்டு வாய் கொடுப்பார், அதற்கு மேல் கிடையாது. "தண்ணி குடிச்சா புண்ணு சீழ் பிடிக்கும்" என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் பிரசவ அறையிலேயே படித்துவிட்ட பாடம்தான். ஆகையால் அதில் நான் குற்றம் காணவில்லை. சாயங்காலம் சிஸ்டர் வந்து நடந்தாங்களா என்று கேட்டபோது அக்கா கண் இமைக்காமல் சொன்னார்: "ஹவ் சிஸ்டர், இப்பதான் ஒரு சுத்து சுத்திட்டு வந்து படுத்தா."

அடுத்து வந்த நாட்களும் இப்படியே. எனக்கும் நடந்தால் வலித்தது, படுத்தால் வலிக்கவில்லை. படுக்க வைக்க ஒருவர் இருக்கும்போது எழுந்து வலியைத் தேட நான் என்ன முட்டாளா? ஆனால் என் மூளை படுக்கவில்லை. அக்கா தலைவாரிப் பின்னிவிடுகிறார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுகிறார். பள்ளிக்கூடம் முடிந்து வந்த என் மகள் தெலுங்கில் கேட்கிறதற்கெல்லாம் பொறுமையாகத் தெலுங்கிலேயே பதில் சொல்லி, சடையில் பூ வைத்துவிடுகிறார். நடுநடுவே வராந்தாவில் அவரும் என் கணவரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. என்னென்னவோ தோன்றியது. குவார்ட்டர்ஸ் விஷயம் முடிவாகிவிட்டதா? அல்லது டாக்டர் என்னிடம் மறைத்து இவர்களிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? சாகப்போகிறவளுக்குத்தானே இப்படி ஊட்டுவார்கள்?

தாங்காமல் ஒரு மத்தியானம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "மாமா ரிட்டயர் ஆனதும் எங்கே இருக்கப்போறீங்க அக்கா?"

அக்கா வெற்றிலைச் சீவலை அடக்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். "மெட்டுகுடாவுல வீடு பேசி அட்வான்சும் குடுத்தாச்சே. தம்பி சொல்லலை?"

எங்கள் வீட்டில் எது ரகசியம், எது ரகசியமில்லை என்று என் கணவருக்கே தெரியாது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவில் எட்டிப் பார்க்கும். "அப்புறம் ஏன் அக்கா இவ்வளவு செய்யறீங்க?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க இல்ல? வீட்டுக்கு வந்த உடனே மாமியார், குழாயில தண்ணி வந்துடுச்சு, எழுந்து பிடின்னாங்க. குடத்தைத் தூக்கினேன். தையல் விட்டுப்போச்சு வசந்தா. ரத்தம் புடவையெல்லாம். குழாயடியில நாலு பொம்பளைங்க நின்னாங்க, படுத்துக்கோடின்னு ஒருத்தி சொல்லலை. அன்னைக்கு நெனச்சேன், நம்ம வீட்ல எவ கத்தி பட்டு வந்தாலும் காலைக் கீழே வைக்க விடமாட்டேன்னு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் யாரையும் சந்தேகப்படாமல் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். ஆபத்து வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அதற்கு அடுத்த நாள் கெண்டைக்காலில் வலி ஆரம்பித்தது. தையல் வலி மேலே, இது கீழே, உள்ளே. பிடித்து முறுக்குகிற வலி. பேண்டேஜை இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்று சிஸ்டர்மேல் சந்தேகப்பட்டேன். கட்டு மாற்றப் பிரித்தபோது பார்த்தால் கால் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. தொட்டால் சூடு. வந்தவள் ஒரு பயிற்சி நர்ஸ். சிஸ்டரை அழைத்து வருகிறேன் என்று போனாள்.

"நரம்பு இழுத்துக்கிச்சு. படுத்தே கெடக்கற இல்ல, அதான்," என்றார் அக்கா. பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். "நல்லா நீவிவிட்டா இறங்கிடும்." என் கெண்டைக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினார்.

"தொடாதே!"

ஏலியம்மா சிஸ்டர் வாசலில் நின்று கத்தினார். அந்தக் குரலில் அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். புட்டி சாய்ந்து கட்டில் முழுக்கத் தைல வாசனை. சிஸ்டர் ஓடி வந்து என் காலை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மெதுவாகப் படுக்கையில் வைத்தார். "அசையவே கூடாது, கேட்டோ," என்று சொல்லிவிட்டு டாக்டரை அழைக்கப் போனார். இத்தனை நாள் நட நட என்றவர்!

சர்ஜன் வந்து பாதத்தை மேல்நோக்கி லேசாக மடித்துப் பார்த்தார். நான் அலறினேன். இரண்டு கெண்டைக்கால்களையும் டேப் வைத்து அளந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை.

மெயின் ரோடு என்று சொன்னாரே, அந்த ஆழமான குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். கெண்டைக்கால் தசைதான் அதை மேலே தள்ளுகிற பம்பு. நடந்தால் பம்பு வேலை செய்யும், படுத்தே கிடந்தால் நின்றுவிடும். ஆபரேஷன் ஆன உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையத் தயாராக இருக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இன்னும் கெட்டியாகும். முழங்காலுக்கு அடியில் தலையணை அழுத்தினால் இருக்கிற வழியும் நெருக்கும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு ஊட்டிய ஒவ்வொரு கவளமும் நினைவுக்கு வந்தது.

"கட்டி காலில் இருக்கும்வரை வீக்கம், வலி, அவ்வளவுதான். அசைந்தாலோ நீவினாலோ பிய்த்துக்கொண்டு மேலே போனால் இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கும். அது நடந்தால்..." என்று நிறுத்தினார்.

நடந்தால் என்ன என்று அவரைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அன்று காலையில் இருமியபோது விலாவில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு வலி வந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இ.சி.ஜி. மெஷினை அறைக்கே கொண்டுவரச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயையும் புதிதாக எடுத்ததையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்கு எதற்குப் படம் என்று நான் குறைபட்டுக்கொண்ட அதே எக்ஸ்ரே.

"சின்னத் துணுக்கு ஒன்று போயிருக்கலாம். பெரிதாகப் போயிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்," என்றார். பிறகு இங்கிலீஷில், குரல் உயர்த்தாமல், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "தினமும் நடந்ததாகத்தானே சிஸ்டர் சொன்னார்? உண்மையில் நடந்தீர்களா? யார் உங்களைப் படுக்கையிலேயே போட்டு வைத்தது? அந்த அம்மாவா?"

சுவரோரம் அக்கா கையில் தைலம் வழிய நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். சொல்ல நியாயமும் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஆயிரம் இருக்கும். வெளியாள் ஒருவர் அக்காவை 'அந்த அம்மா' என்று மோவாயால் சுட்டிக் காட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. குடத்தோடு ரத்தப் புடவையில் நின்ற ஒருத்தியை நான் முந்தின நாள்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

"இல்லை டாக்டர். அவர் நடக்கத்தான் சொன்னார். வலிக்குப் பயந்து நான்தான் நடக்கவில்லை. நடந்தேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்."

ஏலியம்மா சிஸ்டர் என்னையே பார்த்தார். அவர் நம்பவில்லை.

டாக்டர் தெலுங்கில் எல்லாருக்கும் பொதுவாக உத்தரவு போட்டார். இனிமேல் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. கால் உயரத்தில் இருக்க வேண்டும். அசையக் கூடாது. அவர் வெளியே போனதுதான் தாமதம், அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னதைத்தான் இப்ப டாக்டரே சொல்றார். அன்னைக்கே கேட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா? நீ பாத்ரூம் போறேன் பாத்ரூம் போறேன்னு இறங்கினியே, அதான்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தால் விலாவில் குத்தியது. கட்டி வராமல் இருக்க நடக்க வேண்டும். வந்துவிட்டால் அது ஒட்டிப் பிடிக்கும்வரை அசையக் கூடாது. அன்றைய வைத்தியம் அப்படி. நேற்று நட என்றவர் இன்று அசையாதே என்கிறாரே, இவர் தன் தப்பை மூடுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

கையில் ஊசி குத்தி ஹெப்பரின் என்ற மருந்தை ஏற்றினார்கள். இருக்கிற கட்டியை அது கரைக்காது, மேலும் கட்டி சேராமல் தடுக்கும், மற்றதை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மருந்து கூடினால் ரத்தம் எங்கேயாவது கொட்டும், குறைந்தால் உறையும். அதனால் அடிக்கடி சோதனை. லேப்காரர் விரலைக் குத்தி, தலைமயிர்போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை இழுப்பார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பார். உடைந்த துண்டுகளுக்கு நடுவே ரத்தம் நூலாக இழுத்தால் உறைந்துவிட்டது என்று கணக்கு. நானும் கழுத்தை நீட்டி அந்த நூலைத் தேடுவேன். அவர் சொல்கிறது சரிதானா என்று ஒரு தடவைகூட நான் பார்க்காமல் விட்டதில்லை.

அந்த நாட்களின் பயத்தை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு மூச்சையும் இழுத்து, குத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை இழுப்பேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். சாவு என்று ஒன்று வெளியிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது என் காலுக்குள்ளேயே படுத்திருந்தது. மகள் ஓடி வந்து கட்டிலில் ஏறப் பார்த்தபோது, "ஏறாதே!" என்று கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கியதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மாறினார். தைலப் புட்டி சாய்ந்த அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே. வருவார், ஆனால் கட்டில் பக்கம் வரமாட்டார். நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஊட்டுவதில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். தண்ணீர்ச் செம்பு மட்டும் எப்போதும் நிரம்பியிருக்கும். நான் வாயைத் திறந்தால் என் முகத்தையே பார்ப்பார். நான் அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். சரிதான், வியாதி நீளும் என்று தெரிந்ததும் அன்பு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஆர்டர் கிடைக்காது என்று தெரிந்த சப்ளையர் இப்படித்தான் வாசலோடு நிற்பான்.

வீக்கம் மெல்ல வடிந்தது. விலாக்குத்து நின்றது. டாக்டர் ஒரு நாள் வந்து, இனி நடக்கலாம் என்றார். என் கணவரும் சிஸ்டரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, குழந்தைபோல் நடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், ஈறில் ரத்தம் வந்தால் ஓடி வர வேண்டும், டாக்டரைக் கேட்காமல் தலைவலி மாத்திரைகூடப் போடக் கூடாது, கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. பட்டான்செரு பக்கம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போய்வருகிற ஒருவர் என் ஆபீசில், இதே ரக மருந்தைத்தான் எலிக்கு வைக்கிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டார். மறுநாளே டாக்டரிடம் போய் நின்றேன். "உண்மைதான். அளவில்தான் வித்தியாசம்," என்று சிரித்தார். மறைக்காமல் சொன்னதால் அவரை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அக்கா வீட்டுக்கு வருவது குறைந்துபோயிற்று. சொந்தக்காரர்கள் வந்தால், "சரோஜா மட்டும் இல்லேன்னா வசந்தா பிழைச்சிருக்க மாட்டா," என்பார்கள். நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன். என் கணவர் மட்டும் ஒரு நாள், வராந்தாவில் குசுகுசுத்தது இதற்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். நடக்க வை என்று அவர் சொல்ல, சும்மா இருடா என்று அக்கா அதட்ட, இவர் வாயை மூடிக்கொண்டாராம். அக்கா அதட்டினால் அந்த ஆராய்ச்சிக்கூடமே வாயை மூடிக்கொள்ளும்.

அடுத்த வருடம் அக்காவின் மகள் கீதாவுக்குப் பிரசவம். வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா கூடவே இருக்கா. வேற யாரையும் கிட்டவே விடலை."

கிட்டவே விடவில்லை! முழங்காலுக்கு அடியில் தலையணை, பஞ்சில் நனைத்த தண்ணீர், ஹவ் சிஸ்டர் நடந்தா. மறுநாள் மத்தியானமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு செகந்திராபாத் பஸ்ஸில் ஏறினேன். இனி மறைத்தால் பாவம். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். அக்கா, உங்கள் அன்புதான் என்னைக் கொல்லப் பார்த்தது. அதை எப்படிச் சொன்னாலும் கேட்க நன்றாக இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பியதும் நின்றுவிட்டேன். அக்கா எதிரே வந்துகொண்டிருந்தார். ஒரு கை கீதாவின் இடுப்பைச் சுற்றியிருந்தது. கீதா குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

"செத்துடுவேன்மா. படுக்க விடும்மா."

"நக்கோ கண்ணு. அந்த ஜன்னல் வரைக்கும். போயிட்டு வந்து படுத்துக்கோ."

அக்காவின் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. என்னைப் பார்த்ததும் ஆடிட்டுக்குப் பதில் சொல்கிறவர்போல் அவசரமாகச் சொன்னார்: "தண்ணியும் குடுக்கறேன் வசந்தா. செம்பு செம்பா குடுக்கறேன்."

கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

"அந்த சிஸ்டர், தைலம் கொட்டின அன்னைக்குச் சாயங்காலமே என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க," என்றார். "நான் படுக்க வெச்சதாலதான்னு. நீ டாக்டர்கிட்ட பழியை உன்மேல போட்டுக்கிட்டதையும் சொன்னாங்க."

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லலை?"

"கைக்கு நீ என்னைக் காப்பாத்தினேன்னு எனக்குத் தெரியலை. ஒரு நாளைக்கு வெச்சுக் குத்துவே, சொந்தக்காரங்க நடுவுல போட்டு உடைப்பேன்னு உன்னைச் சந்தேகப்பட்டுட்டே இருந்தேன். உன் வாயையே பாத்துட்டு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வசந்தா, அன்னைக்கு நான் அந்தக் காலை நீவியிருந்தா? உன் பொண்ணு மூஞ்சியை நான் எப்படிப் பாத்திருப்பேன்?"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கீதாவின் இன்னொரு பக்கம் போய் அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். மூன்று பேருமாக ஜன்னல்வரை போய்த் திரும்பினோம்.

"இன்னும் ஒரு சுத்து," என்றார் அக்கா.

"ஒண்ணே ஒண்ணு," என்றேன் நான்.

கீதா எங்கள் இரண்டு பேரையும் ராட்சசிகள் என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.